நார்பர்ட்டைத் தூண்டிலில் பிடித்த கதை

இருநூற்று முப்பது பவுண்டு எடையுள்ள ஒரு பால்பண்ணைக்காரனை, ரப்பர் பூட்ஸும் மேல்கோட்டுமாக, கொசுவுக்குச் சித்தப்பா அளவே இருந்த, இறகால் கட்டிய ஒரு போலிப் பூச்சியால் தூண்டிலில் பிடித்து, கரையில் இழுத்துப் போட்டு, தன் மீன்பிடிச் சங்கத்து விதிப்படி உயிரோடு திருப்பி விட்டவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று ஆர்விட் ஹெக்லண்ட் அறிவித்தபோது, டுவேனின் மதுக்கடையில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் தின்றுகொண்டிருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"திருப்பி எங்கே விட்டே? ஓடையிலயா?" என்றான் டுவேன், கோப்பையைத் துடைத்தபடி.

"அவன் தொழுவத்துல. அந்த ஜாதி அங்கேதானே வளருது?"

"அளந்து பார்த்தியா?"

"அளக்காம விடுவேனா? தலையிலேர்ந்து வால் வரைக்கும் ஆறடி ஒரு அங்குலம். மீசை தனி."

கடை குலுங்கிச் சிரித்தது. கரண்டி ஒன்று கீழே விழுந்தது. சிரிக்காதவன் ஒருவன்தான். மது ஊற்றும் மேசையின் கடைசி முக்காலியில், தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த நார்பர்ட் ஸ்வெட்லர். பிடிபட்டதாகச் சொல்லப்பட்ட ஆள் அவனேதான்.

அவன் மெதுவாக எழுந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்.

"பொய்" என்றான். "நான் நடு ஓடையில செத்துக்கிட்டிருந்தேன். இந்த ஆளு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு சோளக்காட்டுல மீன் பிடிச்சுக்கிட்டிருந்தான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். என் நிலத்துக் கேட்ல பூட்டுப் போட்டாச்சு ஆர்விட். அது போட்டபடிதான் இருக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. சிரிப்பும் அவனோடு வெளியே போய்விட்டது.

ஆர்விட் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நார்பர்ட்டைச் சிரிக்கவைத்துவிட்டால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தப் பெருமையை அவிழ்த்துவிட்டிருந்தான். நேரான வார்த்தையில் ஒன்றைச் சொல்ல அவனுக்கு வராது. ஆர்விட் சொல்வதைப் பத்தால் வகுத்தால் பாதி உண்மை கிடைக்கும் என்பது எங்கள் பள்ளத்தாக்கின் வாய்ப்பாடு. முப்பத்தைந்து வருஷம் பால் லாரி ஓட்டியவன், ஓய்வுபெற்ற நாளில் "நான் சுமந்த பாலை ஊத்தினா மிசிசிப்பி வெள்ளையா ஓடும்" என்றான். கஷ்டம் என்னவென்றால், இந்த ஒரு தடவை அவன் சொன்னதில் எடையைத் தவிர எல்லாமே நிஜம்.

கறுப்புக்கோழி ஓடைச் சங்கத்தில் அவன் சேர்ந்தது மீன் பிடிக்கும் ஆசையால் அல்ல. மனைவி வெர்னா இறந்துபோன அந்தக் குளிர்காலம் முழுக்க, திரைச்சீலையை மூடிவைத்து, டப்பா சூப்பைச் சூடாக்கக்கூட மனமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தான். பனி உருகிய ஒரு சனிக்கிழமை காலையில் யாரோ கதவை உடைப்பதுபோலத் தட்டினார்கள். திறந்தால் லவான் டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவள், எழுபத்தெட்டு வயது, கழுத்தில் இன்னமும் விசில். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை.

"யோவ், பலகை தூக்க ஆள் பத்தலை. நீ சும்மாதானே இருக்கே? பூட்ஸ் போடு" என்றாள்.

போட்டான். அன்று தொடங்கியதுதான். ஓடைக்கரை அரித்துப்போன இடங்களில் ஓக் பலகையால் கட்டில்போல ஒன்று அடித்து, தண்ணீருக்கடியில் கரையோடு செருகி, மேலே கல்லும் மண்ணும் போட்டுப் புல் விதைப்பது சங்கத்தின் சனிக்கிழமை வேலை. கட்டிலுக்கடியில் நிழல் கிடைத்தால் ட்ரவுட் மீன் வந்து குடும்பம் நடத்தும். "நாம இந்தப் பக்கம் வேர்வை விடுறோம், அது அந்தப் பக்கம் மல்லாந்து தூங்குது" என்பான் ஆர்விட். வாய்தான் அப்படி. மற்றவர்கள் ஒரு பலகை தூக்கினால் அவன் இரண்டு தூக்குவான், பன்னிரண்டு தூக்கியதாகச் சொல்லுவான். வேலை முடிந்ததும் லாரியின் பின்கதவை மேசையாக்கி எல்லோரும் ரொட்டியும் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் தின்பார்கள். வெர்னா இல்லாத வீட்டில் இறங்க மறுத்த சோறு அங்கே இறங்கியது.

இந்த வேலைக்கெல்லாம் ஓடைக்கு இறங்கும் ஒரே வழி நார்பர்ட்டின் மேய்ச்சல் நிலம். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. வருஷப் பிறப்பன்று சங்கத்தார் போய்க் கைகுலுக்குவார்கள், நார்பர்ட் தலையை ஆட்டுவான், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

தூண்டில் போடுவதில் ஆர்விட்டின் லட்சணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பூச்சித்தூண்டிலில் எடை நூலுக்குத்தான், இறகுப்பூச்சிக்கு இல்லை. அதனால் நூலை முதலில் தலைக்கு மேலே பின்பக்கம் நீளமாக விரித்துவிட்டு, பிறகு முன்னால் வீச வேண்டும். குளிர்காலத்து ஞாயிறுகளில் பள்ளிக்கூட உள்விளையாட்டு அரங்கில் தரையில் வளையங்களைப் போட்டு டீச்சர் எல்லோருக்கும் பழக்குவாள். மூன்று குளிர்காலமாக ஆர்விட்டின் பூச்சி ஒரு வளையத்துக்குள்ளும் விழுந்ததில்லை. ஆனால் பின்னால் போகும்போது மட்டும் அது எதையாவது பிடிக்காமல் திரும்பியதும் இல்லை. சுவர்க் கடிகாரம், காவலாளியின் சாப்பாட்டுப் பை, வேடிக்கை பார்க்க வந்த போதகரின் டோப்பா, ஒரு தடவை வெளியில் நார்பர்ட்டின் பசு.

"உனக்கு முன்னாடி இருக்கிற மீன் நிம்மதியா வயசாகிச் சாகலாம்" என்பாள் டீச்சர். "உனக்குப் பின்னாடிதான்யா எந்த உசிரும் நிக்கக் கூடாது."

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை நடந்தது இதுதான்.

முந்தின இரவு மலைமேட்டில் மழை கொட்டியிருந்தது. வேலையை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் கரையில் அடுக்கிவைத்த பலகைகள் போய்விடுமே என்று டீச்சரும் ஆர்விட்டும் மட்டும் வந்தார்கள். டீச்சருக்குத் தோளில் அறுவை செய்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, வலது கை தூளியில். "வேலை நீ செய், திட்டுறது நான் பார்த்துக்கிறேன்" என்று வந்திருந்தாள்.

ஓடை சாக்லேட் பால் நிறத்தில் உருண்டு வந்துகொண்டிருந்தது. தாண்டிக் குதிக்கிற ஓடை அன்றைக்கு எழுபது அடி அகலம். ஆர்விட்டின் கணக்கில் அக்கரையில் வேறு மாநிலம். அந்த நேரம் பார்த்து நார்பர்ட், அக்கரையில் மாட்டிக்கொண்ட கன்றுகளுக்காக டிராக்டரை ஓடையில் இறக்கினான். பாதி வழியில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. தண்ணீர் சக்கரத்தைத் தாண்டி இருக்கைக்கு ஏறியது. நார்பர்ட் எஞ்சின் மூடியின் மேல் ஏறி நின்றான். டிராக்டர் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

"ஃபோன்ல சிக்னல் இல்லை!" என்று டீச்சர் கைபேசியை ஆட்டினாள். "மேட்டுக்கு ஓடுறேன். கயிறைப் போடு!" எழுபத்தெட்டு வயதுக்காரி, கையைத் தூளியில் வைத்துக்கொண்டு, விசிலை ஊதிக்கொண்டே மேடேறி ஓடினாள்.

ஆர்விட் பலகை இழுக்கும் கயிற்றைச் சுருட்டி வீசினான். பாதித் தூரம்கூடப் போகவில்லை. மறுபடி வீசினான். ஓடை அதை நக்கிக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தது.

"ஏதாவது செய்யேன்யா!" என்று கத்தினான் நார்பர்ட்.

லாரியில் தூண்டில் கோல் கிடந்தது. நூல் போனால் நூலின் பின்னால் கயிறும் போகும். ஓடிப்போய் எடுத்தான். முதல் வீச்சு அவன் தொப்பியிலேயே விழுந்தது. இரண்டாவது தண்ணீரில். மூன்றாவது கரையோர வில்லோ மரத்தில் சிக்கி, பூச்சி அறுந்து போனது. பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பூச்சி, அவன் கையாலேயே கட்டியது, பார்த்தால் குளித்து எழுந்த எலிக்குஞ்சு மாதிரி இருக்கும். அதை நூலில் கோக்கும்போது முடிச்சு இரண்டு தடவை நழுவியது. டிராக்டர் இன்னும் ஒரு சாண் சாய்ந்தது.

அப்போதுதான் டீச்சரின் வசவு அவன் காதில் கேட்டது. உனக்குப் பின்னாடிதான்யா எந்த உசிரும் நிக்கக் கூடாது.

ஆர்விட் திரும்பினான். ஓடைக்கு முதுகைக் காட்டி நின்றான். எதிரே இளஞ்சோளக் காடு, அதன் ஓரத்தில் ஒரு வேலிக்கம்பம். சும்மா பாவனை செய்தால் போதாது என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கம்பத்தின் உச்சியில் உலகத்திலேயே பெரிய ட்ரவுட் மீன் உட்கார்ந்திருப்பதாக முழு மனசோடு நம்பினான். நம்பிக் குறிவைத்துக் கோலைத் தலைக்குமேல் தூக்கினான். நூல் பின்னால் விரிந்தது. முன்னால் இழுத்தான்.

வரவில்லை. கோல் வில்லாக வளைந்து நின்றது.

திரும்பிப் பார்த்தான். நார்பர்ட்டின் கோட்டுக் காலரில், பிடரிக்கு நேரே, எலிக்குஞ்சு குத்தி நின்றது.

நார்பர்ட் இதைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது ஆர்விட் தனக்கு முதுகு காட்டியதை மட்டும்தான். பார்த்த ஆத்திரத்தில், சாகும்போது இவன் முதுகைப் பார்த்துச் சாகமாட்டேன் என்று அக்கரையில் நின்ற தன் கன்றுகள் பக்கம் திரும்பிக்கொண்டான். பிடரியில் ஏதோ பிடித்து இழுத்தது. கையை விட்டுத் துழாவினால் நூல்.

"இழு! மெல்ல இழு!" என்று யாரோ கத்தியது வெள்ளத்து இரைச்சலில் கேட்டது. இழுத்தான். ஆர்விட் இதற்குள் ரீலிலிருந்த நூல் முழுவதையும் உருவி, அதன் வாலில் வைக்கோல் கட்டும் சணலையும், சணலின் வாலில் கயிற்றையும் முடிந்திருந்தான். நூலுக்குப் பின் சணல் வந்தது, சணலுக்குப் பின் கயிறு வந்தது. நார்பர்ட் அதை அக்குளுக்கடியில் சுற்றி முடிச்சுப் போட்டான். மறுமுனை லாரியின் கொக்கியில். ஆர்விட் லாரியை மாட்டுவண்டி வேகத்தில் மேடேற்றினான். டீச்சர் திரும்பி ஓடிவந்தபோது நார்பர்ட் புல்லில் குப்புறக் கிடந்து ஓடையில் பாதியைக் கக்கிக்கொண்டிருந்தான். டிராக்டர் கவிழ்ந்து கிடந்தது. கன்றுகள் அக்கரை மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தன.

நார்பர்ட் தலையைத் தூக்கியதும் பேசிய முதல் வார்த்தை நன்றிதான். ஆனால் ஆள் மாறிப் போய்விட்டது.

"டீச்சர்... உங்க புண்ணியம்."

"நான் மேட்டுல நின்னேன் நார்பர்ட். நூல் போட்டது நான் இல்லை. என் கையைப் பாரு."

"ஒரு கையைக் கட்டிப்போட்டாலும் நீங்க வீசுவீங்க, ஊருக்கே தெரியும். பெருந்தன்மையா மறைக்கிறீங்க." பிறகு ஆர்விட் பக்கம் திரும்பினான். "இவன் வீசினான்னு சொல்றீங்களா? நான் பார்த்தேன். சோளத்தைப் பார்த்துக்கிட்டு நின்னான்."

திங்கட்கிழமை கேட்டில் சங்கிலியும் பூட்டும் தொங்கின. ஆபத்தில் முதுகு காட்டுகிறவனை வைத்திருக்கும் சங்கம் தன் நிலத்தில் கால்வைக்கக் கூடாது என்று நார்பர்ட் சொல்லியனுப்பினான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் ஆர்விட் மதுக்கடையில் பெருமை பேசி, இருந்ததையும் கெடுத்துக்கொண்டது.

மறுநாள் சனிக்கிழமை. பழக்கதோஷத்தில் லாரி தானாக நார்பர்ட்டின் கேட்டுக்கு வந்துவிட்டது. ஆர்விட் எஞ்சினை அணைத்துவிட்டுப் பூட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கையுறை இருக்கையில் கிடந்தது. அரைகுறையாகச் செருகிய கட்டில்கள் கீழே ஓடையில். வீட்டுக்குப் போனால் திரைச்சீலையும் டப்பா சூப்பும். சங்கத்தில் ஒருவரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

டீச்சரின் பழைய கார் பின்னால் வந்து நின்றது. கண்ணாடியைத் தட்டினாள்.

"அழுறியா?"

"பாலாடைக்கட்டி தின்னேன் டீச்சர். கண்ல பட்டுடுச்சு."

"நான் நம்புறேன்யா உன்னை" என்றாள். "மூணு வருஷமா உன் பின்வீச்சுக்குப் பயந்து குனிஞ்சவ நான். அவனுக்குத்தான் காட்டணும். இரு." நேராக நார்பர்ட்டின் வீட்டுக்கு நடந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று தெரியாது. எட்டாம் வகுப்பில் நார்பர்ட் ஓட்டப் பந்தயத்தில் குறுக்கு வழியில் ஓடியதை அவன் மனைவிக்குச் சொல்லிவிடுவதாக மிரட்டினாள் என்று ஒரு பேச்சு உண்டு. திரும்பி வந்தவள், "நாளைக்கு ரெண்டு மணி. தொழுவத்துக்குப் பின்னாடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் பள்ளத்தாக்கே அங்கே திரண்டுவிட்டது. டுவேன் ஒரு பெட்டி பீரோடு வந்தான். நார்பர்ட்டின் கிடேரிகள் இருபதும் வேலியோரம் வரிசைகட்டி நின்றன. சங்கத்தாரைவிட ஒழுங்காக நின்றன என்றே சொல்ல வேண்டும். டீச்சர் வேதியியல் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடியை நார்பர்ட்டின் மூக்கில் மாட்டி, நாற்பது அடி அளந்து நிறுத்தினாள். பூச்சியின் கொக்கி முனையை நறுக்கிவிட்டு, தேய்ந்த மழுங்கலை மட்டும் விட்டாள்.

"திரும்பு. வீசு" என்றாள்.

ஆர்விட் முதுகு காட்டி நின்றான். வீசினான். நூல் நார்பர்ட்டுக்குப் பத்தடி முன்னாலேயே சுருண்டு விழுந்தது. இரண்டாவது ஒரு கிடேரியின் காதை உரசிப் போனது. மூன்றாவது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் தோளுக்குமேல் நார்பர்ட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பார்த்துக் குறிவைத்தால் எதையும் தொடாத கை அது.

"போதுமா?" என்றான் நார்பர்ட். "எனக்குப் பால் கறக்கணும்."

ஆர்விட் கோலைத் தாழ்த்தினான். ஊரே அவன் வாயைப் பார்த்தது, என்ன புளுகப்போகிறான் என்று. அவன் புளுகவில்லை.

"நார்பர்ட், அன்னைக்கு எனக்குக் கை நடுங்கிச்சு. ரொம்பப் பயந்துட்டேன். உன்னை விட்டுட்டுப் போகணும்னு நான் நெனைக்கவே இல்லை. அதை நீ நம்ப வேண்டாம். ஆனா ஒண்ணு சொல்லணும். வெர்னா போனப்புறம் எனக்குச் சனிக்கிழமைன்னு ஒண்ணு இருந்துச்சு. உன் கேட் வழியாத்தான் அதுக்குள்ள நான் வந்தேன். இத்தனை நாள் உனக்கு நன்றி சொல்லலை. இப்ப சொல்லிட்டேன். பூட்டு இருக்கட்டும். இவங்களை மட்டும் உள்ளே விடு, நான் வரலை."

கண்ணாடிக்குள் நார்பர்ட்டின் கண் தெரியவில்லை. டுவேன் பீர் மூடியைத் திறக்கப்போய், திறக்காமல் வைத்தான்.

டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். "சரிய்யா, வந்ததுக்கு ஒரு வீச்சாவது ஒழுங்கா வீசிட்டுப் போ. அதோ, அந்தத் தண்ணிவாளி. எனக்காக."

ஆர்விட் வாளியைப் பார்த்தான். நார்பர்ட் பின்னால் நிற்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. இந்த மனுஷிக்காக ஒரே ஒரு தடவை வாளிக்குள் விழ வேண்டும், இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டாளே என்ற ஒரே நினைப்போடு, உதட்டைக் கடித்துக்கொண்டு கோலைத் தூக்கினான்.

"குனிங்க!" என்று யாரோ கத்தினார்கள். சங்கத்தார் அத்தனை பேரும் பழக்கத்தில் குனிந்தார்கள். கிடேரிகளும் குனிந்தன என்று ஆர்விட் இன்றைக்கும் சொல்கிறான்.

நூல் முன்னால் வந்தது. அதன் முனையில் பச்சையாக ஒன்று பறந்து வந்து வாளிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. தீவனக் கம்பெனியின் தொப்பி. திரும்பிப் பார்த்தால் நாற்பது அடி தூரத்தில் நார்பர்ட், வெயில் படாத வெள்ளை மண்டையோடு, கையைத் தலையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தான்.

நார்பர்ட் கண்ணாடியைக் கழற்றினான். நடந்து வந்தான். தொப்பியை எடுத்து, அதன் பின்பட்டையில் தொங்கிய எலிக்குஞ்சை விரலால் தொட்டான். தொட்ட கையால் தன் பிடரியைத் தடவிக்கொண்டான்.

"இதே மாதிரிதான்" என்றான், யாருக்கோ சொல்வதுபோல. "பின்னாடியிலேர்ந்து. சட்டுனு." பிறகு ஆர்விட்டைப் பார்த்தான். "அன்னைக்கு நீ எதைக் குறி வச்சே?"

"சோளக்காட்டு வேலிக்கம்பத்தை."

"பட்டுச்சா?"

"எனக்கு எங்கே பட்டிருக்கு?"

நார்பர்ட்டின் மீசை ஆடியது. முதலில் இருமல் என்று நினைத்தார்கள். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான், துடைத்த பிறகும் கண் நனைந்துகொண்டே இருந்தது. கால்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஆர்விட்டின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பூட்டைக் கழட்டி ஓடையில போடு. அடுத்த சனிக்கிழமை ரொட்டியும் கறியும் எங்க வீட்டுச் செலவு. நன்றி ஆர்விட். ஒரு வாரம் லேட்டு." பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பினான். "என்ன எல்லாரும் வாயைப் பார்க்கிறீங்க? நடந்ததுதான்யா. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டேதான் இந்த ஆளு என்னைக் கரையேத்தினான்."